கறுத்த கதிரும் பச்சை உடம்பும்

பிள்ளை பெற்று ஓரிரு நாளே ஆன நிலையைக் குறிக்கப் பழந்தமிழில் தனிச்சொல் ஒன்று இருந்தது: புனிறு. தொல்காப்பியத்தின் உரியியல் அதற்குப் பொருள் சொல்கிறது. கன்று ஈன்ற பசுவுக்கும் குழந்தை பெற்ற பெண்ணுக்கும் சங்கப் புலவர்கள் அதைப் பொதுவாக வைத்தார்கள். சொல் வழக்கொழிந்துவிட்டது, பொருள் ஒழியவில்லை. ‘பச்சை உடம்புக்காரி, காத்து படாம பாத்துக்கோ’ என்று இன்றும் பாட்டிமார் சொல்வது அதே புனிற்றுப் பெண்ணைத்தான்.

அந்தப் பச்சை உடம்பைப் பற்றி வீட்டுப் பெண்களுக்கு மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தன. குழந்தை பால் குடிக்கும்போது தாயின் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், உதிரம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். பால் கொடுக்கிறவளுக்குப் பல மாதங்கள் தூரம், அதாவது மாதவிடாய், வராது. பிரசவத்தில் மிதமிஞ்சி உதிரம் போனவளுக்குப் பால் சரியாக ஊறாது. உதிரம், பால், தூரம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் இழைகள் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அந்தக் கயிறு எது என்று மருத்துவ அறிவியல் கண்டுபிடிக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அதற்கு வழிகாட்டியது ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள் அல்ல. ஐரோப்பாவின் ரை வயல்களில் கதிரைக் கெடுத்த ஒரு பூஞ்சை.

தாய்த் தானியம்

ரை என்பது கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியம். ஈரம் மிகுந்த ஆண்டுகளில் அதன் கதிரில் மணிக்குப் பதிலாகக் கருஊதா நிறத்தில், சேவலின் கால்முள் போல வளைந்த ஒரு கட்டி முளைக்கும். எர்காட் என்ற பெயரே பழைய பிரெஞ்சு மொழியில் சேவலின் கால்முள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கட்டி மாவோடு அரைபட்டு ரொட்டியில் சேர்ந்தால் விரல்களும் கால்களும் எரிந்து, கறுத்து, அழுகி விழும். இடைக்கால ஐரோப்பா அதைப் புனித அந்தோணியார் நெருப்பு என்று அழைத்து நடுங்கியது.

அதே நஞ்சை மருத்துவச்சிகள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘முட்டர்கோர்ன்’, அதாவது தாய்த் தானியம். 1582இல் ஆடம் லோனிட்சர் தம் மூலிகை நூலில், பெண்கள் அதன் மணிகளில் சிலவற்றைப் பயன்படுத்திக் கருப்பையில் வலி எடுக்கச் செய்கிறார்கள் என்று எழுதினார். எர்காட்டை மருந்தாகக் குறிப்பிடும் முதல் அச்சுப் பதிவாக இது கருதப்படுகிறது. அந்தப் பெண்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை.

1808இல் நியூயார்க் மாநிலத்து மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ் எழுதிய கடிதம் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. நீண்டு இழுக்கும் பிரசவத்தை எர்காட் பொடி விரைவாக முடித்து வைக்கிறது என்று அவர் வியந்திருந்தார். அந்த அறிவும் அவருக்குப் புலம்பெயர்ந்து வந்த ஒரு சாதாரணப் பெண்ணிடமிருந்து கிடைத்ததுதான். கடிதம் பரவியது, மருத்துவர்கள் ஆர்வத்தோடு பொடியை அள்ளிக் கொடுத்தார்கள். விளைவு கொடுமையாக இருந்தது. எர்காட் எடுத்த பிடியைக் கருப்பை விடுவதில்லை. பிள்ளை உள்ளே இருக்கும்போது அந்தப் பிடி விழுந்தால் மூச்சுக்கான ரத்தம் நின்றுபோகும், சில வேளை கருப்பையே கிழிந்துவிடும். நியூயார்க் நகரில் இறந்தே பிறக்கும் குழந்தைகள் கூடுவதைக் கண்ட டேவிட் ஹோசாக், 1820களில் அதைப் பிரசவப் பொடி என்பதைவிட மரணப் பொடி என்பதே பொருந்தும் என்று எச்சரித்தார். ஆனால் அவர் மருந்தை முற்றாகத் தள்ளவில்லை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தபின், உதிரப்போக்கை நிறுத்த மட்டும் கொடுக்கலாம் என்றார். இன்றைக்கும் பிரசவ அறையில் இருப்பது அந்த விதிதான்.

ஏன் அந்த நேரத்தில் அது உயிர்காக்கிறது? நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்து விழுந்ததும் அது ஒட்டியிருந்த இடம் வாய்திறந்த குழாய்கள் நிறைந்த புண்ணாக நிற்கும். அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கருப்பையின் தசைநார்கள் ஓடுகின்றன. தசை இறுகினால் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும். தசை துவண்டு கிடந்தால், ரத்தம் உறைந்து அடைப்பதற்குள் தாய் வெளுத்துப்போவாள். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று நிம்மதி அடைவது இதனால்தான்.

பஞ்சில் தெரிந்த கணக்கு

எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் உதிரம் உடனே நிற்பதில்லை. முதல் மூன்று நான்கு நாட்கள் நல்ல சிவப்பு, பிறகு பழுப்பு, ஏறக்குறைய பத்து நாளுக்குப் பின் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ. நான்கு முதல் ஆறு வாரத்தில் அது அடங்கும். அதற்குள் ஒரு கிலோ எடையிருந்த கருப்பை சுமார் 60 கிராமுக்குச் சுருங்கியிருக்கும். பிள்ளைத்தீட்டின் நாட்கணக்கு சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப மாறினாலும், சுக்கும் மிளகும் திப்பிலியும் பூண்டும் சேர்ந்த பேறுகால மருந்தோடு தாய் ஒதுங்கியிருக்கும் அந்தக் காலம் உடம்பு திரும்பும் காலத்தோடு ஒட்டியே போகிறது.

வழக்கத்துக்கு மறுபக்கமும் இருந்தது. வெளியேறுவது கெட்ட ரத்தம், அது போய்த்தான் ஆகவேண்டும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் வேரூன்றியிருந்தது. அதனால் துணி துணியாக நனைந்தபோதும் ‘அழுக்கு கழியுது’ என்று காத்திருந்தார்கள். அரை லிட்டரைத் தாண்டினால் அபாயம் என்று இன்றைய மருத்துவம் வைத்திருக்கும் எல்லையைப் பழந்துணி காட்டாது. எத்தனை தாய்மார் அந்தக் காத்திருப்பில் போனார்களோ, அவர்களுக்குக் கணக்கேடு இல்லை.

மோயரின் சிறு பலூன்

மேலை மருத்துவர்களும் ஒரு வகையில் துணியைப் பார்த்தே காலம் தள்ளினார்கள். எர்காட்டில் உள்ள எந்தப் பொருள் கருப்பையை இறுக்குகிறது என்று தெரியாததால் ஒரு புட்டி வேலை செய்யும், அடுத்தது செய்யாது. லண்டன் வெல்கம் ஆய்வகத்தில் ஹென்றி டேல் இந்தப் புதிரில் இறங்கினார். 1906இல் அவர் வெளியிட்ட எர்காட் ஆய்வில், கிட்டத்தட்ட போகிற போக்கில், இன்னொரு செய்தியும் இருந்தது: மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு, சினைப் பூனையின் கருப்பையைச் சுருக்கியது. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். குழந்தை முலையைப் பற்றியதும் தாயின் மூளையிலிருந்து இறங்குவது இதுவே. பால் பீச்சுவதும் அடிவயிறு இழுப்பதும் இதன் இரட்டை வேலை. வின்சென்ட் டு விக்னோ 1953இல் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகச் செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

எர்காட்டின் புதிர் மட்டும் நீடித்தது. வேதியியலாளர்கள் எர்காடாக்சின், எர்காடமின் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தெடுத்து, வீரியம் இவற்றில்தான் இருக்கிறது என்றார்கள். மருத்துவச்சிகள் காலத்துப் பழைய நீர்ச்சாற்றில் இவை அநேகமாக இல்லை. ஆகவே அது வெறும் தண்ணீர் என்றானது. 1932இல் லண்டன் மருத்துவர் சாசர் மோயர் அந்த முடிவைத் தாய்மாரிடமே சோதித்துப் பார்த்தார். பிள்ளை பெற்று ஏறக்குறைய ஒரு வாரம் ஆன பெண்களின் கருப்பைக்குள் சிறு பலூனை வைத்து, அதன் அழுத்தத்தைச் சுழலும் தாளில் கோடாக வரையவிட்டார். தூய மருந்துகள் மெதுவாகவே வேலை செய்தன. ‘வெறும் தண்ணீர்’ என்று ஒதுக்கப்பட்ட நீர்ச்சாற்றை வாயில் ஊற்றிய சில நிமிடங்களில் கோடு செங்குத்தாக ஏறியது. மூன்றரை நூற்றாண்டுக்கு முன் லோனிட்சர் குறித்த பெண்கள் சொன்னது சரி; பிழை வேதியியலில் இருந்தது.

வேதியியலாளர் ஹெரால்ட் டட்லியும் மோயரும் சேர்ந்து 1935இல் எர்கோமெட்ரினைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இதே பொருள் கிடைத்து, ஒரே மருந்துக்கு நான்கு பெயர்கள் சூட்டப்பட்டன. பின்னாளில் பாசலில் இருந்த சாண்டோஸ் ஆய்வகம் அதைச் சற்றே மாற்றிச் செய்த மெத்தில் எர்கோமெட்ரின்தான், தமிழ்நாட்டுப் பிரசவ வார்டுகளில் செவிலியர் நாவில் ‘மெதர்ஜின்’ என்று புழங்குவது. உயர் ரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பது வார்டின் முதல் பாடங்களில் ஒன்று.

இந்தப் பூஞ்சைக்குத் தமிழ் மண்ணிலும் ஓர் அத்தியாயம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய எர்காட் வரவு தடைப்பட்டபோது, சென்னை மாகாணத்தின் பயிர்நோய் வல்லுநர்கள் நீலகிரியின் குளிரில் ரை பயிரிட்டார்கள். மற்ற இடங்களில் பூஞ்சையைத் தடுக்கப் பாடுபடும் துறை, இங்கே பூத்த கதிர்களில் பூஞ்சை வித்தைத் தெளித்து நோயை வளர்த்தது.

உதிரத்தில் மூழ்கிய சுரப்பி

எந்த மருந்தும் கைகொடுக்காமல் உதிரம் பெருகி, ஆனாலும் பிழைத்துக்கொண்ட பெண்கள் என்ன ஆனார்கள்? கிளாஸ்கோவின் அரசப் பிரசவ மருத்துவமனையில் நோயியல் ஆய்வாளராக இருந்த ஹெரால்ட் ஷீஹன் இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். பிரசவத்தை ஒட்டி இறந்த தாய்மாரின் உடல்களை ஆராய்ந்தபோது, கடும் உதிரப்போக்குக்கு ஆளானவர்களின் பிட்யூட்டரி முன்பகுதி செத்துப்போயிருந்ததை அவர் கண்டார். 1937இல் அதை வெளியிட்டார்.

காரணம் கர்ப்பத்திலேயே இருக்கிறது. பால் சுரப்பதற்கான செல்கள் பெருகுவதால் கர்ப்பிணியின் பிட்யூட்டரி வீங்கிப் பெருக்கிறது. எலும்புக் குழிக்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அதற்கு, குறைந்த அழுத்தத்தில் ஓடும் மெல்லிய நாளங்கள் வழியாகத்தான் ரத்தம் வரும். திடீரென்று உதிரம் கொட்டி ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான்.

அதன்பின் நடப்பவை ஓசையில்லாமல் நடக்கும். மூன்றாம் நாள் கட்டவேண்டிய பால் கட்டாது. மாதங்கள் கழிந்தும் தூரம் திரும்பாது. அக்குள் முடி உதிரும், குளிர் தாங்காது, எந்நேரமும் தூக்கம், சோர்வு. தைராய்டையும் அட்ரினலையும் பால் சுரப்பையும் சினைப்பையையும் ஒருசேர இயக்கிய தலைமைச் சுரப்பி அணைந்துவிட்டதன் அடையாளங்கள் இவை. வீட்டாரோ அவளைச் சோம்பேறி என்றார்கள், ரத்தசோகை என்றார்கள், ‘பிள்ளை பெத்ததுலேருந்து ஒரு மாதிரி ஆயிட்டா’ என்றார்கள். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சலிலோ அறுவை சிகிச்சையிலோ அவள் சுருண்டு விழும்போதுதான் உண்மை தெரியும். மலிவான மாத்திரைகளால் சரிசெய்யக்கூடிய குறை அது. யாராவது ஒருவர், ‘பிரசவத்தில் எவ்வளவு உதிரம் போனது? பால் வந்ததா? தூரம் திரும்பியதா?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் போதும்.

இது கிளாஸ்கோவின் பழங்கதை அல்ல. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்ற, 20 வயதைத் தாண்டிய பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு ஷீஹன் குறைபாடு இருக்கலாம் என்று கணித்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

புறாவும் பாலும்

ஷீஹன் பார்த்த பெண்களுக்குப் பாலும் இல்லை, தூரமும் இல்லை. இதற்கு நேர்மாறான பெண்களை வியன்னாவின் யோஹான் கியாரி 1855இலேயே விவரித்திருந்தார்: குழந்தை பால்குடி மறந்தபின்னும் பால் நிற்காமல் கசிந்தது, தூரம் மட்டும் வரவே இல்லை. பால் ஓடும்வரை உதிரம் வராது என்று வீட்டுப் பெண்கள் கண்ட முடிச்சு இங்கேதான் அவிழக் காத்திருந்தது.

1928இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஸ்ட்ரிக்கரும் குரூட்டரும் பிட்யூட்டரிச் சாற்றை முயலுக்குச் செலுத்திப் பால் சுரக்கவைத்தார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆஸ்கர் ரிடில் அதே சாறு புறாவின் தொண்டைப்பையையும் வளரச் செய்வதைக் கண்டார். ஆணும் பெண்ணுமாகப் புறாக்கள் குஞ்சுக்கு ஊட்டும் ‘பால்’ அந்தப் பையில்தான் ஊறுகிறது. ரிடில் வைத்த பெயர் புரோலாக்டின். மனிதருக்குத் தனியே புரோலாக்டின் உண்டா என்பதில்கூட ஐயம் நீடித்து, 1970களின் தொடக்கத்தில் மான்ட்ரியலில் ஹென்றி ஃப்ரீசன் குழுவினர் அதைப் பிரித்துக் காட்டி, ரத்தத்தில் அளக்கவும் வழி செய்தபின்தான் தீர்ந்தது.

படம் அப்போது தெளிந்தது. நஞ்சு வெளியேறியதும் அது சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாட்களில் சரிகின்றன. தடை விலகுவதால் காத்திருந்த புரோலாக்டின் பாலைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை குழந்தை உறிஞ்சும்போதும் புரோலாக்டின் ஏறுகிறது. அதே உறிஞ்சல், சினைப்பையைத் தூண்டும் மூளைத் துடிப்புகளை அடக்குகிறது. முட்டை முதிர்வதில்லை, தூரம் வருவதில்லை. முடிவு செய்வது எத்தனை மாதம் பால் கொடுத்தாள் என்பது மட்டும் அல்ல, எத்தனை அடிக்கடி கொடுத்தாள் என்பதும்தான். கலஹாரியின் !குங் மக்களிடையே கோனரும் வொர்த்மனும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் பால் கொடுத்தார்கள். கருத்தடை ஏதும் இல்லாமலே இரு பிரசவங்களுக்கு இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் விழுந்தன.

1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய அறிஞர்கள் இதை ஒரு கணக்காக்கினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ தாய்ப்பால், தூரம் திரும்பவில்லை ஆகிய மூன்றும் பொருந்தினால் கருத்தரிக்காமல் இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம். மூன்றில் ஒன்று நழுவினாலும் காப்பு நழுவும். பால் கொடுக்காத தாய்க்கு ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தூரம் திரும்பக்கூடும். முட்டை முதலில் வெடித்து, உதிரம் பிறகுதான் தெரியும் என்பதால், தூரமே பார்க்காமல் மறுபடி உண்டாகும் தாய்மாரும் ஊருக்கு ஊர் உண்டு.

கம்பும் மல்லிகையும்

பூஞ்சை இந்த இடத்தில் மீண்டும் வருகிறது. 1959இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அன்று இருந்த ரொடீஷியாவிலிருந்து ஒரு கால்நடைச் செய்தி வெளியானது: எர்காட் பிடித்த கம்பைத் தின்ற பன்றிகளுக்குக் குட்டி போட்டபின் பால் வரவில்லை. கம்பில் வரும் எர்காட்டைத் தமிழ் உழவர்கள் நன்றாக அறிவார்கள். பூத்த கதிரில் தேன் போலப் பிசின் வழிவதால் அதற்குத் தேன் ஒழுகல் நோய் என்று பெயர். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் பூஞ்சைக் கட்டிகள் மிதக்கும். அரித்து எறிந்துவிட்டு விதைப்பார்கள்.

எர்காட் ஒரு கையால் உதிரத்தை நிறுத்தி, மறு கையால் பாலையும் நிறுத்துகிறது. அது புரோலாக்டினை அடக்குகிறது என்பதை இஸ்ரேலில் ஷெலெஸ்னியாக்கின் எலி ஆய்வுகளும் சுட்டின. கருப்பையைத் தொடாமல் புரோலாக்டினை மட்டும் அடக்கும் எர்காட் மருந்தைத் தேடிய சாண்டோஸின் ஃப்ளூக்கிகர் குழு, 1960களின் இறுதியில் புரோமோகிரிப்டினை அடைந்தது. 1971இல் அதைப் பெற்ற, பால் நிற்காத பெண்களுக்குப் பால் நின்றது. நின்றிருந்த தூரம் திரும்பியது. கியாரி விவரித்த பெண்களின் நோய்க்கு 116 ஆண்டுகள் கழித்து மருந்து கிடைத்தது.

புரோமோகிரிப்டின் பிரசவ வார்டுக்கும் வந்தது. இறந்தே பிறந்த குழந்தையின் தாய்க்கும் மூன்றாம் நாள் பால் கட்டும். மார்பு நிறைந்து வலிக்க, குடிக்க வாய் இல்லாத அந்த நாட்களின் வேதனைக்கு ஈடே கிடையாது. அவளுக்கு மருத்துவர்கள் இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். தென்னிந்தியப் பெண்கள் கொடுத்தது வேறு: சரமாகக் கட்டிய குண்டுமல்லியை மார்பில் வைத்துக் கட்டிவிடுவது.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் எண்ணம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களுக்குத் தோன்றியது. அந்த மருத்துவமனையே பிரசவச் சாவிலிருந்து எழுந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட இளம் ஐடா ஸ்கடர்தான் பின்னாளில் அதை நிறுவினார்; அந்த இரவுதான் தன்னை மருத்துவராக்கியது என்றார். வேலூரில் பால் நிறுத்தவேண்டிய தாய்மாரில் ஒரு பகுதியினருக்குப் புரோமோகிரிப்டின், மற்றவர்களுக்கு மல்லிகை. மார்பின் கட்டு, பால், வலி மாத்திரையின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ரத்தத்தில் புரோலாக்டினும் அளக்கப்பட்டது. முடிவு 1988இல், பெலாஜியோவில் அறிஞர்கள் கூடிய அதே ஆண்டில், வெளியானது. இரு தரப்பிலும் புரோலாக்டின் இறங்கியது. மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. ஆனால் மார்பின் கட்டும் பாலும் வலியும் இரு தரப்பிலும் ஒரே அளவில் தணிந்தன.

அடுத்த சில ஆண்டுகளில், பக்கவாதமும் மாரடைப்பும் வந்த தாய்மாரின் விவரங்கள் சேர்ந்ததால், பால் நிறுத்தப் புரோமோகிரிப்டினைத் தருவதை 1990களின் நடுவில் அமெரிக்கா கைவிட்டது. வேலூர் ஆய்விலேயே, மாத்திரையை நிறுத்தியதும் சிலருக்குப் பால் மறுபடி கட்டியது குறிக்கப்பட்டிருந்தது. மல்லிகை கட்டிய தாய்மாருக்கு அப்படி ஆகவில்லை.